குண்டு மிளகாய் வயலுக்குப் பக்கத்தில் ஊதா மிளகாய்

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

நம் கடற்கரை விவசாயிகளும் ஊதா நிறக் காய்கறிகளைப் பயிரிடலாம் என்று உங்கள் வேளாண் பக்கத்தில் கட்டுரை வந்திருந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் அதிலுள்ள மூன்று செய்திகளை அப்படியே நம்பி ஒருவர் புரட்டாசியில் விதை போட்டால் கையைச் சுட்டுக்கொள்வார். எல்லாக் காயிலும் ஊதா ஒன்றே, அதனால் உப்புத் தண்ணீரில் நிறம் கூடும் என்பது முதல் செய்தி. ஊதாக் காயின் விதையை எடுத்து வைத்தால் மறு ஆண்டும் அதே நிறம் வரும் என்பது அடுத்தது. மிளகாய் வயல் வரப்பில் ஊதா மிளகாயை அழகுக்கும் கூடுதல் வருமானத்துக்கும் நடலாம் என்பது மூன்றாவது. முதல் இரண்டால் ஒருவருக்குத்தான் நட்டம். மூன்றாவதால் பக்கத்து வயல்காரருக்கும் நட்டம். அது ஏன் என்று புரிய, நிறம் எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

கத்தரித் தோல், ஊதா மிளகாய், ஊதா அவரை, காராமணி, சின்ன வெங்காயம், சர்க்கரைவள்ளி, வேலியில் படரும் சங்குப்பூ ஆகியவற்றில் இருப்பது ஆந்தோசயனின் என்ற நிறமி. பீட்ரூட், சிவப்புத் தண்டுக்கீரை, கொடிப்பசலைப் பழம், வாசலில் நிற்கும் காகிதப்பூ ஆகியவற்றில் இருப்பது பீட்டாலைன். முன்னதைச் செடி ஃபீனைல் அலனினிலிருந்து செய்கிறது, பின்னதை டைரோசினிலிருந்து. இயற்கையில் இரண்டும் சேர்ந்து ஒரே செடியில் இருந்ததாக இதுவரை யாரும் கண்டதில்லை. ஒரு குடும்பம் ஒன்றை எடுத்துக்கொண்டால் மற்றதை விட்டுவிடுகிறது.

நம் ஊர் உமரி பீட்டாலைன் கட்சி. கோடையில் உப்பளத்து ஓரங்களில் தரையோடு தரையாகச் சிவந்து கிடக்குமே, அந்தச் சிவப்பு அதுதான். பீட்ரூட்டும் உமரியும் ஒரே தாவரக் குடும்பம். பீட்ரூட்டின் காட்டு மூதாதையே கடற்கரைச் செடி. ஆகவே உப்பைத் தாங்குவதில் பீட்ரூட்டுக்கு ஒரு பூர்வீக உரிமை உண்டு. கத்தரிக்கு அது கிடையாது. வேர்ப்பகுதி மண்ணின் உப்பு அளவு, நிறைசாற்றில் (மண்ணை நீரால் நிறைத்து வடித்த சாற்றில்) அளந்தால், கத்தரிக்கு 1.1, மிளகாய்க்கு 1.5, தக்காளிக்கு 2.5, பீட்ரூட்டுக்கு 4 டெசிசீமன்ஸ்/மீட்டர் வரை விளைச்சல் குறையாது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வோர் அலகுக்கும் கத்தரியில் சுமார் 7 விழுக்காடும், மிளகாயில் 14 விழுக்காடும் போய்விடும். உமரி சிவப்பதைப் பார்த்து உவர்த் தண்ணீரைக் கத்தரிக்குப் பாய்ச்சினால் நிறம் கூடுகிறதோ இல்லையோ, காய் குறையும்.

எந்த நிறமி என்பதை அடுப்படியிலேயே பிரித்துப் பார்க்கலாம். கத்தரித் தோலை மெல்லியதாகச் சீவி ஒரு கைப்பிடி எடுத்து, அரை டம்ளர் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துத் துணியில் வடியுங்கள். ஒரு பங்கில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டால் இளஞ்சிவப்பாகும். இன்னொரு பங்கில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீரை விட்டால் நீலம் ஓடிப் பச்சையாகி, நேரம் போனால் மஞ்சளாகும். பீட்ரூட் சாற்றில் எலுமிச்சை விட்டால் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். சுண்ணாம்புத் தெளிவு கூடினால் மஞ்சளுக்குப் போகும், நடுவில் பச்சை வராது. ஊறவைக்க உவர்க் கிணற்றுத் தண்ணீரை எடுக்கக் கூடாது. அதிலுள்ள பைகார்பனேட்டே பாதிச் சுண்ணாம்பின் வேலையைச் செய்து, சாற்றை முதலிலேயே மங்கல் நீலமாக்கிவிடும். மழைநீரோ கேன் தண்ணீரோ போதும். புளி விட்ட குழம்பில் கத்தரித் தோல் சிவப்புச் சாயலோடு நிற்பதும், ஊதாக் காராமணியை வெறும் தண்ணீரில் வேகவைத்தால் பச்சையாகிவிடுவதும் இதே நிறமியால்தான். வெந்ததும் நிறமி தண்ணீரில் கரைந்து வெளுக்க, உள்ளே மறைந்திருந்த பச்சையம் தெரிகிறது. சந்தையில் இதைப் பார்த்து 'சாயம் ஏற்றிய காய்' என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. பாவம், விற்பவர் மேல் தப்பில்லை.

இனி மரபணுவுக்கு வருவோம். பம்புசெட் வைத்திருப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஆந்தோசயனினைச் செய்யும் நொதிகள் மோட்டாரும் குழாயும் மாதிரி. அந்த வரிசையில் டி.எஃப்.ஆர். என்ற நொதியின் மரபணு பழுதானால், செடியில் தண்டு, நரம்பு, பூ, காய் எங்கும் ஊதா இருக்காது. ஆனால் மோட்டார் நன்றாக இருந்தும் காயில் மட்டும் நிறம் வராத செடிகள்தான் அதிகம். அங்கே பழுது ஸ்டார்ட்டரில். மிப் வகை, பி.எச்.எல்.எச். வகை, டபிள்யூ.டி. 40 வகை என்ற மூன்று புரதங்கள் ஒன்றாகச் சேர்ந்தால்தான் நிறமி மரபணுக்கள் ஓடத் தொடங்கும். மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை வராவிட்டாலும் மோட்டார் ஓடாதல்லவா, அது போல. இம்மூன்றில் மிப் புரதம்தான் எந்த உறுப்பில், எப்போது என்று முடிவு செய்வது. மேலே ஊதா, உள்ளே வெள்ளையான சர்க்கரைவள்ளியும் உள்ளும் புறமும் ஊதாவான சர்க்கரைவள்ளியும் இருப்பதற்குப் பெரும்பாலும் இந்த ஸ்டார்ட்டரே காரணம். மேல்நாட்டு ஊதாக் காலிஃபிளவரில் ஒரு தாவும் மரபணு மிப் மரபணுவின் வாசலில் வந்து உட்கார்ந்ததால் அது நிற்காமல் ஓடுகிறது. இதை 2010இல் கண்டுபிடித்தார்கள். தக்காளியில் காட்டு இனங்களிலிருந்து கொண்டுவந்த இரண்டு மரபணுக்களைச் சேர்த்து, அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2012இல் ஊதாத் தோல் ரகம் வெளியிட்டது. அது சாதாரண ஒட்டுக்கலப்புதான். சதையும் ஊதாவான தக்காளி வேறு. அதில் ஸ்நாப்டிராகன் என்ற பூச்செடியின் மரபணுக்களைப் புகுத்தியிருக்கிறார்கள், இந்தியாவில் அதற்கு அனுமதி இல்லை. ஊதா என்றாலே மரபணு மாற்றுப் பயிர் என்று வரும் வாட்ஸ்ஆப் செய்திகளை இந்த இடத்தில் குப்பையில் போடலாம். நம் நாட்டுக் கத்தரி ஊதாவாக இருக்க எந்த ஆய்வகமும் தேவைப்படவில்லை.

ஸ்டார்ட்டர் சரியாக இருந்தாலும் கரண்ட் வேண்டும். கத்தரிக்குக் கரண்ட் என்பது வெளிச்சம், அதிலும் நீலமும் புற ஊதாவும். ஒரு கத்தரிக்காயை எடுத்துக் காம்பை ஒட்டிய பச்சைப் புல்லியை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். அடியில் வெள்ளையாகவோ வெளிர்பச்சையாகவோ இருந்தால் அந்த ரகம் வெளிச்சத்தை நம்பி நிறம் பிடிப்பது. அடியிலும் ஊதா ஓடியிருந்தால் இருட்டிலும் நிறம் வரும் ரகம். நம் சந்தைக்கு வரும் காய்களில் முதல் வகையே அதிகம் கண்ணில் படும். சந்தேகம் இருந்தால், இதழ் உதிர்ந்த அன்றே பிஞ்சை அலுமினியத் தாளில் தளர்வாகச் சுற்றிவிட்டுப் பதினைந்து நாள் கழித்து அவிழ்த்துப் பாருங்கள். வெளிச்சக் கத்தரி வெள்ளையாக வெளியே வரும். வெயில் பட்டதும் ஓரிரு நாளில் நிறம் ஏறத் தொடங்கும். இறுக்கிச் சுற்றினால் பிஞ்சு வெந்து உதிர்ந்துவிடும்.

இதனால் என்ன பயன் என்றால், புற ஊதாவைத் தடுக்கும் பாலித்தீன் கூரைக்குள் வெளிச்ச ரகத்தைப் போட்டு 'விதை மோசம்' என்று கடைக்காரரிடம் போகாமல் இருக்கலாம். அடர்ந்த இலைக்குள் மறையும் காயும் இப்படித்தான் ஒரு பக்கம் வெளுக்கும். சித்திரை வெயிலில் காய் வெளுப்பதற்குக் காரணம் வேறு. வெப்பம் 35 டிகிரிக்கு மேல் நின்றால் நிறமி உண்டாவதும் குறையும், உண்டானதும் சிதையும். வெளிச்சம் வேண்டும், சூடு கூடாது. நம் கடற்கரையில் இந்த இரண்டும் கூடி வருவது கார்த்திகை முதல் மாசி வரைதான். ஊதா நிறத்துக்காகவே கூடுதல் விலை கேட்பவர்கள் அந்தக் காலத்துக்குள் அறுவடை வருமாறு நடுவதே புத்தி. நிறத்தின் ஆழமும் வெறும் ஊதாவின் வேலை மட்டும் அல்ல. தோலுக்கு அடியில் பச்சையம் இருந்து அதன் மேல் ஊதா ஏறினால் காய் கருப்பாகத் தெரியும். அடியில் வெள்ளை இருந்தால் ரோஸ் கலந்த ஊதா. இரண்டையும் வெவ்வேறு மரபணுக்கள் ஆள்கின்றன.

விதை எடுப்பதில் வரும் கோளாறு இங்கிருந்துதான் பிறக்கிறது. ஊதாவையும் பச்சையையும் கலந்து செய்த வீரிய ஒட்டு ரகத்தின் காய் ஊதாவாக இருக்கும், ஏனென்றால் கத்தரியில் ஊதா பெரும்பாலும் ஓங்கு பண்பு. அந்த விதையைப் போட்டால், ஒரு மரபணு வித்தியாசம் மட்டும் என்றால், நாற்பது செடியில் பத்து ஊதா இல்லாமல் வரும். மோட்டாரில் ஒன்று, ஸ்டார்ட்டரில் ஒன்று என இரண்டு மரபணு வித்தியாசம் இருந்தால் பதினேழு பதினெட்டு செடி நிறமற்று நிற்கும். இதையே திருப்பிப் போட்டால், ஒன்றில் மோட்டார் பழுது, மற்றதில் ஸ்டார்ட்டர் பழுது என்ற இரண்டு வெள்ளைச் செடிகள் கலந்து ஊதாப் பிள்ளை பிறக்கலாம். யாரும் ஏமாற்றவில்லை, கணக்கு அப்படி.

ஒரு மரபணுக் கணக்கில் ஊதாவாக வந்த முப்பதிலும் இருபது செடி உள்ளே பச்சையை ஒளித்து வைத்திருக்கும். அவற்றைப் பிரிப்பதற்கு வழி உண்டு. மறுநாள் மலரப்போகும் மொட்டை முதல் நாள் மாலையே பட்டர் பேப்பர் பையாலோ மெல்லிய துணியாலோ மூடிவிட வேண்டும். சூல்முடி மகரந்தப்பைகளுக்கு வெளியே நீண்டு தெரியும் பூவாகப் பார்த்து மூடுங்கள். குட்டைச் சூல்தண்டுப் பூ காய் பிடிக்காது. கத்தரியின் மகரந்தப்பை நுனித் துளை வழியாகத்தான் பொடியை உதிர்க்கும், ஆகவே மலர்ந்த பின் காலையில் காம்பை இரண்டு முறை சுண்டிவிட வேண்டும். பட்டாணி அளவு பிஞ்சானதும் பையை எடுத்து, வண்ண நூல் கட்டிவிடுங்கள். பை வைக்க மறந்தால், தேனீயும் வண்டும் பக்கத்துச் செடியிலிருந்து கொண்டுவந்து கொட்டிவிடும். காய் மஞ்சள் பழுப்பாக முழுதும் பழுத்த பிறகே பறித்து, பிசைந்து கழுவி, தண்ணீரில் அமிழும் விதையை மட்டும் எடுத்து நிழலில் உலர்த்த வேண்டும். ஊதா பளபளக்கும்போது பறித்த காயில் விதை முற்றியிருக்காது.

பிறகு 98 குழி நாற்றுத் தட்டு ஒன்றில் நான்கு தாய்ச் செடிகளின் விதையை ஆளுக்கு 24 குழி வீதம் போடுங்கள். முளைத்து ஒரு வாரத்தில் நாற்றின் தண்டைப் பாருங்கள். 24 நாற்றிலும் தண்டு ஊதாவாக இருந்தால் அந்தத் தாய் சுத்தம். பதினொரு நாற்று பார்த்தாலே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நம்பலாம். 24 என்றால் சந்தேகத்துக்கு அநேகமாக இடமே இல்லை. ஆனால் நிழல்வலைக்கு அடியில் வெளிறி வளர்ந்த நாற்றில் இதைப் பார்க்காதீர்கள், மூன்று நான்கு நாள் நல்ல வெளிச்சத்தில் வைத்த பிறகு பாருங்கள். இன்னொன்று: பச்சைக் காய் ரகத்தின் நாற்றிலும் தண்டு ஊதாவாக இருந்தால், அங்கே மோட்டார் ஓடுகிறது, காயின் ஸ்டார்ட்டர் மட்டும் இல்லை என்று பொருள். அப்போது தட்டு எதையும் சொல்லாது, காய்க்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அதனால் சோதனைக்கு முன் தாய் தந்தை ரகங்களின் நாற்றை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. மற்ற ரகங்களிலிருந்து விலகல் தூரம், சான்று விதைக்குக் கத்தரியில் 100 மீட்டர், ஆதார விதைக்கு (சான்று விதையைப் பெருக்க எடுக்கும் மூல விதை) 200 மீட்டர்.

இந்த அலைச்சல் எல்லாம் வேண்டாம் என்பவர்களுக்குச் சர்க்கரைவள்ளி இருக்கிறது. கொடி நட்டு வளர்ப்பதால் நிறம் பிரிவதே இல்லை. மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பூ கிருஷ்ணா ரகத்தில் சதையே ஊதா. பீட்ரூட்டில் இதற்கு நேர்மாறு: பூக்க நீண்ட குளிர் வேண்டும், அதனால் சமவெளியில் விதை எடுக்க முடியாது, நீலகிரி போன்ற மலையில்தான் எடுக்க முடியும்.

மரபணுவுக்குச் சம்பந்தமில்லாத ஊதாவும் உண்டு. நம் கடற்கரை மண்ணில் கார அமில நிலை (pH) 8க்கு மேல் போகும் இடங்களில் மணிச்சத்து சுண்ணாம்போடு பிணைந்து வேருக்குக் கிடைக்காமல் போகும். அப்போது தக்காளி நாற்றின் அடியிலைகள் பின்பக்கம் ஊதாவாகி, செடி குட்டையாக நிற்கும். மரபணு ஊதா கொழுந்திலும் தண்டிலும் சீராக இருக்கும், வளர்ச்சியைப் பாதிக்காது. நாற்றங்காலிலிருந்து அடியிலை மட்டும் ஊதாவான செடியை 'ஊதா ரகம்' என்று தனியே எடுத்து வைத்து விதைக்குக் காத்திருப்பது வீண். அதற்கு வேண்டியது அடியுரமாகச் சூப்பர் பாஸ்பேட்டும், அவசரத்துக்கு 2 சத டி.ஏ.பி. தெளிப்பும்தான். 2 கிலோவை 10 லிட்டரில் இரவு முழுக்க ஊறவைத்து, தெளிவை மட்டும் வடித்து 100 லிட்டராக்கி மாலையில் தெளிக்க வேண்டும். கசடோடு ஊற்றினால் நாசில் அடைக்கும்.

இப்போது மிளகாய். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரும்பாலும் மானாவாரி, விதையும் பெரும்பாலும் வீட்டு விதை. அந்த வீட்டு விதையில்தான் ஆபத்து நுழைகிறது. மிளகாய் தானே தன்னைச் சேர்த்துக்கொள்ளும் பயிர் என்று எண்ணி அசட்டையாக இருக்கிறோம்; பூச்சி நடமாட்டம் உள்ள இடத்தில் அயல் கலப்பு தாராளமாக நடக்கும். சான்று விதைக்கு 200 மீட்டர், ஆதார விதைக்கு 400 மீட்டர் விலகல் விதித்திருப்பது அதனால்தான். கட்டுரை சொன்ன வரப்பு விலகல் எத்தனை முழம்?

மிளகாயின் ஊதாவைப் பத்தாவது குரோமோசோமிலுள்ள 'ஏ' என்ற மரபணு ஆள்கிறது. அதுவும் ஒரு மிப் ஸ்டார்ட்டர்தான். இலை, பூ, பச்சைக் காய் மூன்றிலும் நிறம் தரும். காய் பழுக்கும்போது ஊதா சிதைந்து சிவப்பு கரோட்டினாய்டு மேலேறுவதால், பழத்தில் ஒன்றும் தெரியாது. கலப்பு நடந்த ஆண்டில் குண்டு மிளகாய்க் காயிலும் ஒன்றும் தெரியாது. காய்ச் சுவர் தாயின் சதை. தந்தையின் மரபணு உள்ளே இருக்கும் விதையில்தான் உட்கார்ந்திருக்கிறது. காயெல்லாம் உருண்டையாக, பளிச்சென்று சிவந்து, வற்றல் நல்ல விலைக்குப் போகும். விதையும் அதிலிருந்தே எடுப்போம்.

இரண்டாம் ஆண்டில்தான் அது வெளியே வரும். இந்த மரபணு முழு ஓங்கு அல்ல, அரைகுறை ஓங்கு. ஆகவே கலப்புச் செடி ஒவ்வொன்றிலும் இதழ் ஓரத்தில் ஊதாச் சாயல், பிஞ்சில் கருமை தெரியும். பிடுங்க வேண்டிய ஆண்டு இதுதான், அதுவும் முதல் பூ விரியும்போதே. 'நாலு செடிதானே, காய்க்கட்டும்' என்று விட்டால் மூன்றாம் ஆண்டில் அந்தச் செடிகளின் பிள்ளைகளில் நாலில் ஒன்று பூவும் காயும் சுத்தமாக, ஊதாவின் அடையாளமே இல்லாமல் வந்துவிடும். ஆனால் காயின் உருவம், தோலின் தடிப்பு, காரம் ஆகியவற்றின் மரபணுக்கள் நிறத்தோடு சேர்ந்தே போகும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பச்சையாக நிற்கும் செடியில் நீண்ட காயும் மெல்லிய தோலும் வரலாம். அதன் பிறகு நிறத்தைப் பார்த்துக் களை எடுக்க வழியே கிடையாது. ஒருவகையில் ஊதா மிளகாய் நல்ல எதிரி, இரண்டாம் ஆண்டில் காட்டிக்கொடுக்கிறது. பக்கத்தில் ஊதா இல்லாத சம்பா மிளகாய் போட்டால் அந்த உதவிகூட இல்லை.

பிடுங்குவதிலும் தவறு நடக்கும். நல்ல குண்டு மிளகாய்ச் செடியிலேயே கணுக்களில் ஊதாப் புள்ளி இருக்கும், அது இயல்பு. மார்கழிக் குளிரில் வெயில் படும் பக்கத்துக் காயில் கருந்தீற்றல் விழுவதும் இயல்பு. இவற்றைப் பார்த்துச் செடியைப் பிடுங்கினால் வயல் காலியாகிவிடும். இதழைப் பாருங்கள். குண்டு மிளகாயின் இதழ் வெள்ளை. இதழ் வெள்ளையாக இருந்தால் கணுவைப் பற்றிக் கவலை வேண்டாம். இதழில் ஊதாச் சாயல் ஓடினால் வேரோடு எடுத்துவிட வேண்டும், ஒடித்தால் தழைத்து மறுபடி பூக்கும். நீலமாகத் தெரியும் மகரந்தப்பையைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

தொட்டியில் அழகுக்கு ஊதா மிளகாய் வைத்திருப்பவர்கள், மொட்டை மாடியில் வைத்தாலும் தேனீக்கு மாடி ஒரு தடை இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். வயலுக்கு 400 மீட்டருக்குள் வீடு இருந்தால் மிளகாய் பூக்கும் மாதங்களில் தொட்டிச் செடிக்குக் கொசுவலை போடலாம். விதைக்கென்று வைப்பவர்கள் வயலின் நடுவில், ஓரத்துச் செடிகளை விட்டுவிட்டு, உருண்டை மாறாத இருபது முப்பது செடிகளைத் தேர்ந்தெடுத்து, ஏற்கெனவே விரிந்த பூவையும் பிடித்த பிஞ்சையும் கிள்ளிவிட்டு, நான்கு குச்சி ஊன்றி வலை மூடி அடியில் மண் அணைத்துவிட வேண்டும். காலையில் வலையோடு செடியை லேசாக உலுக்கினால் உள்ளேயே காய் பிடிக்கும். வலை இலையில் ஒட்டிக் கிடந்தால் அசுவினி ஏறும், ஒரு சாண் இடைவெளி வேண்டும். வலைக்குள் பிடித்த காயில் நூல் கட்டிவிட்டு வலையை எடுத்துவிடலாம். நூல் கட்டிய காயிலிருந்து மட்டும் விதை எடுங்கள்.

புரட்டாசி விதைப்புக்கு முன், வரப்பில் ஊதா மிளகாய் நடலாம் என்ற அந்த ஒரு வரிக்காவது 200, 400 மீட்டர் கணக்கோடு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தோட்டக்கலை வாசகர்,
தேவிபட்டினம், ராமநாதபுரம் மாவட்டம்.